செய்தவர் துபாய் போனார், என்8என் ஒர்க்ஃப்ளோக்கள் நின்றன: இனி இதை எப்படிப் பிரித்து வைப்பது?

வாஷி_பிகாம் | திங்கள், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாஷியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் இருக்கிறேன். மொத்தம் பதினெட்டு பேர். நவா ஷேவா துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குப் பேப்பர் வேலை, ஷிப்பிங் லைனில் டெலிவரி ஆர்டர் வாங்குவது, வண்டி அனுப்புவது, பார்ட்டிக்கு பில் போடுவது, இதுதான் தொழில். நான் படித்தது பி.காம்., ஆனால் பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்த ராசியில் இப்போது இதுவும் என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்களிடம் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார், கெட்டிக்காரர். இரண்டு வருடத்தில் என்8என்னில் (ஆப்களை இணைத்து வேலையைத் தானாக ஓட்டும் சாஃப்ட்வேர்) நாற்பது ஒர்க்ஃப்ளோ, அதாவது தானாக ஓடும் வேலை வரிசை, செய்து வைத்துவிட்டார். இலவசமாகக் கிடைக்கும் கம்யூனிட்டி எடிஷன்தான், வாடகை சர்வர் ஒன்றில் டாக்கரில் (சாஃப்ட்வேரைத் தனிப் பெட்டி போல அடைத்து ஓட்டும் முறை) ஓடுகிறது. ஷிப்பிங் லைனிலிருந்து வரும் அரைவல் நோட்டீஸ் மெயிலைப் படித்து, கன்டெய்னர் நம்பரை எடுத்து, கூகுள் ஷீட்டில் போட்டு, ஃப்ரீ டேஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் டெலிகிராம் குரூப்பில் மெசேஜ் போடும். ஃப்ரீ டேஸ் (கன்டெய்னரைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் நாட்கள்) தாண்டினால் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம், அதுவும் டாலரில், அதனால் முதலாளிக்கு இந்த ஒரு மெசேஜ் மேல்தான் பாசம்.

போன மாதம் அவருக்கு துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடைசி நாள் சாயங்காலமே அவர் மெயிலை நிறுத்திவிட்டார்கள். கூகுள் தொட்ட ஒர்க்ஃப்ளோ அத்தனையும் அன்று ராத்திரியே நின்றுவிட்டது, ஏனென்றால் எல்லா கிரெடென்ஷியலும் (மற்ற ஆப்களுக்குள் நுழைய என்8என்னில் சேமித்த சாவி) அவர் மெயிலில் லாகின் செய்தவை. சரி, தப்பு நடந்தால் எச்சரிக்கை வருமே என்று கேட்பீர்கள். அதற்கும் தனியாக ஒரு எரர் ஒர்க்ஃப்ளோ செய்து வைத்திருந்தார், அது எச்சரிக்கையை அவருடைய ஜிமெயிலிலிருந்து அவருக்கே அனுப்பும்! நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கன்டெய்னர் மூன்று நாள் டிடென்ஷனில் போன பிறகுதான் குரூப் அமைதியாக இருப்பதைக் கவனித்தோம். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

இப்போது மூன்று பேர் இதில் கை வைக்கிறோம்: நான், அக்கவுன்ட்ஸ் பையன், டாக்குமென்ட் டெஸ்க்கில் இருக்கும் ஒரு மராத்திப் பெண் (அவள்தான் எங்களில் வேகம்). மூவரும் ஒரே லாகினில் போகிறோம். உள்ளே போனால் 'காப்பி 2', 'புதுசு', 'தொடாதே', 'இறுதி இறுதி' என்று பெயர்கள். கிரெடென்ஷியல் பக்கத்தில் 'கூகுள் ஷீட்ஸ் அக்கவுன்ட் 2', 'கூகுள் ஷீட்ஸ் அக்கவுன்ட் 7', எது எதற்கு என்று தெரியவில்லை.

நான் கேட்பது: டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிப்பதா, பார்ட்டி வாரியாகவா, ஆள் வாரியாகவா? கிரெடென்ஷியலை யார் பெயரில் வைப்பது? அப்புறம், கன்டெய்னர் நம்பர் சரியா என்று பார்க்கும் ஒரே புரோகிராம் கோடு பதினொரு ஒர்க்ஃப்ளோவில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது, இதை என்ன செய்வது?


முலுண்ட்_லோக்கல் | செவ்வாய், காலை 8:05

பி.காம். சார், முதலில் ஒன்று பாருங்கள். அவருடைய மெயிலை அழித்தார்களா, சஸ்பெண்ட் மட்டும் செய்தார்களா? அழித்திருந்தால் கூகுள் வொர்க்ஸ்பேஸில் அட்மின் 20 நாளுக்குள் மீட்டெடுக்கலாம், அதைத் தாண்டினால் போனது போனதுதான். அவருடைய மை டிரைவில் இருந்த ஷீட்டுகளை வேறு யாருக்கும் மாற்றாமல் விட்டிருந்தால் அவையும் கூடவே போகும். ஷீட்டுகளை உடனே ஷேர்டு டிரைவுக்கு நகர்த்துங்கள், அங்கே ஃபைல் ஆளுக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குச் சொந்தம். இதைப் படித்ததும் எழுந்து போய்ச் செய்யுங்கள், மீதியை ரயிலில் படித்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேள்வி. இங்கே சொந்தம் என்பது இரண்டு அடுக்கு, பலர் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். என்8என்னுக்குள் ஒரு ஒர்க்ஃப்ளோவோ கிரெடென்ஷியலோ யாருடையது என்பது ஒன்று. அந்தக் கிரெடென்ஷியலுக்குள் இருக்கும் டோக்கன் (கூகுள் கொடுத்த அனுமதிச் சீட்டு) கூகுளில் யாருடையது என்பது வேறு. ஒரு யூசரை நீக்கும்போது என்8என் கேட்கும், இவருடையதை எல்லாம் வேறு ஒருவருக்கு மாற்றவா, அழிக்கவா என்று. மாற்று என்று சொன்னால் முதல் அடுக்கு மாறும். இரண்டாவது அடுக்கு அப்படியே துபாய்க்காரர் பெயரில்தான் இருக்கும். வீட்டுப் பத்திரத்தை மாற்றிவிட்டு கரன்ட் பில்லை பழைய ஆள் பெயரிலேயே விட்ட மாதிரி.

அதனால் ஆள் பெயரே வேண்டாம். ஷீட் படிக்க, எழுத கூகுள் கிளவுடில் ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு இல்லாமல் சாஃப்ட்வேருக்கான கணக்கு) போடுங்கள், காசு கிடையாது. அதற்கென்று ஒரு மெயில் முகவரி வரும், அந்த முகவரியோடு ஷீட்டை ஷேர் செய்தால் போதும், யார் வந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். மெயில் படிக்கவும் அனுப்பவும் இது நேரடியாக உதவாது, டொமைன் முழுக்க அனுமதி கொடுக்க வேண்டிவரும், அது பதினெட்டு பேர் ஆபீஸுக்குத் தேவையில்லாத ஆபத்து. மெயிலுக்கு 'ஆட்டோமேஷன்' என்று ஒரு பொது அக்கவுன்ட், ஒரு லைசென்ஸ் காசு போகும், போகட்டும். ஒரு கன்டெய்னர் டிடென்ஷனைவிட மலிவு.

ஓஆத் (கூகுள் லாகின் வழியாக அனுமதி கொடுப்பது) செய்யும்போது ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். கூகுள் கிளவுடில் ஆப்பை 'எக்ஸ்டர்னல்', 'டெஸ்டிங்' நிலையில் விட்டுவிட்டால் டோக்கன் 7 நாளில் காலாவதி. ஒவ்வொரு வாரமும் சரியாக அதே கிழமையில் நிற்கும், நீங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வொர்க்ஸ்பேஸ் இருப்பதால் 'இன்டர்னல்' என்று வைத்துவிடுங்கள், தொல்லை இல்லை.

பிரிப்பது பற்றி. நீங்கள் ஓட்டும் கம்யூனிட்டி எடிஷனில் ப்ராஜெக்ட் கிடையாது, ஷேரிங்கும் கிடையாது. ஒரு ஒர்க்ஃப்ளோவைச் செய்தவரும் இன்ஸ்டன்ஸ் (ஓடும் ஒரு என்8என்) ஓனரும் மட்டும்தான் பார்க்க முடியும். அதனால்தான் ஊரில் எல்லோரும் ஒரே லாகினில் போகிறார்கள், உங்கள் ஆபீஸ் மட்டும் விதிவிலக்கில்லை. மெயில் கொடுத்து ரெஜிஸ்டர் செய்தால் ஃபோல்டர் இலவசமாகக் கிடைக்கும், அதைச் செய்யுங்கள். ஆனால் ஃபோல்டர் என்பது அலமாரித் தட்டு, பூட்டு இல்லை. பூட்டு வேண்டுமென்றால் காசு கொடுக்கும் பிளானில் வரும் ப்ராஜெக்ட்தான். அதில் ஒர்க்ஃப்ளோவும் கிரெடென்ஷியலும் ஒரே ப்ராஜெக்டுக்குள் இருக்கும், அட்மின், எடிட்டர், வியூவர் என்று ஆளுக்குத் தகுந்த அதிகாரம் கொடுக்கலாம்.

ப்ராஜெக்டோ, ஃபோல்டரோ, தனித் தனி இன்ஸ்டன்ஸோ, எதில் பிரித்தாலும் ஆபீஸின் டிபார்ட்மென்ட் சார்ட்டைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். யார் எந்தச் சாவியைத் தொடலாம் என்று பார்த்துப் பிரியுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், டேலி, ஜி.எஸ்.டி. சாவிகள் ஒரு பக்கம். அரைவல் நோட்டீஸ், டிராக்கிங் ஷீட், டெலிகிராம் ஒரு பக்கம். பெரிய பார்ட்டி யாராவது தங்கள் சிஸ்டத்துக்கு லாகின் கொடுத்திருந்தால் அது மட்டும் தனி. உங்கள் டாக்குமென்ட் டெஸ்க் பெண்ணும் வண்டி அனுப்புகிறவரும் ஒரே சாவிகளைத்தான் தொடுகிறார்கள் என்றால் டிபார்ட்மென்ட் வேறானாலும் அவர்களுக்கு ஒரே இடம் போதும். இன்னொன்றும் மனதில் வையுங்கள், ஷேரிங் இருக்கும் பிளானில் ஒரு ஒர்க்ஃப்ளோவை ஒருவருக்கு ஷேர் செய்தால் அதில் உள்ள கிரெடென்ஷியலையும் அவர் அந்த ஒர்க்ஃப்ளோ வழியாகப் பயன்படுத்தலாம், தனியாக ஷேர் செய்யவே வேண்டாம். வசதிதான், ஆனால் பேங்க் சாவி இருக்கும் ஒர்க்ஃப்ளோவை 'சும்மா பார்க்கட்டும்' என்று ஷேர் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.


கோலிவாடா_கடைப்பையன் | செவ்வாய், மதியம் 1:40

முலுண்ட் அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் இது மூன்று பேர் சமாச்சாரம். ப்ராஜெக்ட், ரோல், வியூவர்... முதலாளியிடம் போய் பெரிய பிளான் வாங்கித் தாருங்கள் என்று கேட்டால் 'பழையபடி எக்செல்லில் போடு' என்பார். அத்தோடு கதை முடிந்தது.

நான் சயன் கோலிவாடாவில் மாமாவின் மொத்த வியாபாரக் கடைக்கு இதே என்8என் ஓட்டுகிறேன். என் வழி இதுதான். ஒர்க்ஃப்ளோ பெயரின் முன்னால் எண்: 10 ஆர்டர், 20 பில், 30 டெலிவரி, 90 பொது, 99 சோதனை. 99-இல் இருப்பதை யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம். மற்றதைத் தொட்டால் அன்றைக்கே நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுத வேண்டும். நோட்டு என்றால் நிஜமாகவே நோட்டு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கிரெடென்ஷியல் பெயரில் எந்த ஆப், எந்த மெயில், படிக்கவா எழுதவா, மூன்றும் இருக்க வேண்டும். 'கூகுள் ஷீட் - ஆட்டோமேஷன் மெயில் - எழுத' என்பது போல. தானாக வரும் 'அக்கவுன்ட் 7' என்ற பெயரை விட்டால் மாமா திட்டுவார், அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் திட்டுவார்.

ஒரே லாகின் தப்பு என்கிறார்கள். இருக்கலாம். மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் யார் கெடுத்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.


வாஷி_பிகாம் | செவ்வாய், இரவு 10:15

முலுண்ட் அண்ணா, ஓடிப் போய்ப் பார்த்தேன். சஸ்பெண்ட்தான், அழிக்கவில்லை. ஷீட் எல்லாம் பத்திரம். மிக்க நன்றி, இன்று வடா பாவ் என் கணக்கு.

கோலிவாடா, எண் போடும் யோசனை பிடித்திருக்கிறது, இன்றே ஆரம்பித்துவிட்டோம். ஆனால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எங்களிடம் நடக்காது, அக்கவுன்ட்ஸ் பையன் வாரத்தில் மூன்று நாள் பன்வேல் கோடவுனில் இருப்பான்.

பெயர் மாற்றும்போது வேறு ஒன்று அகப்பட்டது. ஆறு ஒர்க்ஃப்ளோவில் ஹெச்.டி.டி.பி. ரிக்வெஸ்ட் நோடில் (வெளிச் சேவையைக் கூப்பிடும் ஒரு படி) டிராக்கிங் சேவையின் சாவியை ஹெட்டரில் (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரி) கையாலேயே ஒட்டியிருக்கிறார். கிரெடென்ஷியலில் இல்லை. இது பரவாயில்லையா? நேற்று அவசரத்தில் பேக்கப் என்று எல்லா ஒர்க்ஃப்ளோவையும் ஜேசன் ஃபைலாக டவுன்லோட் செய்து என் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்தேன், இப்போது வயிற்றைக் கலக்குகிறது.


செம்பூர்_அக்கா | புதன், காலை 6:50

தம்பி, கலக்க வேண்டியதுதான். ஒர்க்ஃப்ளோவை ஜேசனாக எடுத்தால் அதில் கிரெடென்ஷியலின் பெயரும் ஐ.டி.யும் மட்டும் வரும், ரகசியம் வராது. ஆனால் நோடுக்குள் கையால் ஒட்டியது அப்படியே வரும். கர்ல் கமாண்டை (வெளிச் சேவையைக் கூப்பிடும் ஒரு வரிக் கட்டளை) இம்போர்ட் செய்து உருவாக்கிய நோடுகளில் இது அடிக்கடி நடக்கும், ஹெட்டரோடு சேர்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சேவையில் போய் பழைய சாவியை ரத்து செய்து, புதிது வாங்கி, ஹெடர் ஆத் கிரெடென்ஷியலில் வையுங்கள். ஆறு இடத்துக்கும் அந்த ஒன்றையே காட்டுங்கள். மெயிலை அழித்தால் மட்டும் போதாது.

இன்னொன்று, பின் செய்த டேட்டா. சோதனைக்காக ஒரு நோடின் விடையைப் பின் குத்தியது போல அப்படியே நிறுத்தி வைப்போமே, அதுவும் ஜேசனில் சேர்ந்து போகும். உங்கள் தொழிலில் அது பார்ட்டியின் இன்வாய்ஸாகவே இருக்கலாம். வெளியே கொடுக்கும் முன் பின்னை எடுத்துவிடுங்கள்.

நான் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) டேட்டா டீமில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நேராமல் இருக்கட்டும். மழைக்காலம், பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறினோம். டேட்டாபேஸ் பேக்கப் இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். ஏற்றினோம், ஒர்க்ஃப்ளோ எல்லாம் வந்தது, கிரெடென்ஷியலும் வரிசையாகத் தெரிந்தது, ஒன்றும் திறக்கவில்லை. என்8என் கிரெடென்ஷியலை என்க்ரிப்ஷன் கீ வைத்துப் பூட்டித்தான் டேட்டாபேஸில் வைக்கும். நீங்களாக அந்தக் கீயைக் கொடுக்காவிட்டால் முதல் தடவை ஓடும்போது அதுவே ஒன்றை உருவாக்கி கான்ஃபிக் ஃபைலில் எழுதிக்கொள்ளும். அந்த ஃபைல் பழைய டாக்கர் வால்யூமில் (டேட்டா சேமிக்கும் இடம்) இருந்தது, வால்யூமை நான்தான் 'சுத்தம் செய்கிறேன்' என்று முந்தின நாள் அழித்தேன். ஐம்பது சொச்சம் கிரெடென்ஷியல். மூன்று நாள் ஒவ்வொரு டீமாகப் போய் 'கொஞ்சம் லாகின் பண்ணிக் கொடுங்க' என்று கெஞ்சினேன், குடையோடு. ஆகவே அந்தக் கீயை இன்றைக்கே எடுத்து பாஸ்வேர்ட் மேனேஜரில் வையுங்கள், டேட்டாபேஸ் பேக்கப் இருக்கும் அதே இடத்தில் வைக்காதீர்கள். இந்தக் கீயும் உங்கள் பொதுச் சொத்துதான், யாரும் பட்டியலில் எழுதாத சொத்து.

இப்போது அந்தப் பதினொரு காப்பி. கன்டெய்னர் நம்பர் என்றால் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம், ஐ.எஸ்.ஓ. 6346 கணக்கு, இல்லையா? எழுத்துக்கு ஒரு மதிப்பு, இடத்துக்கு இடம் இரண்டின் அடுக்கால் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்த மீதி. மீதி 10 வந்தால் 0 என்று எடுக்க வேண்டும். உங்கள் பதினொன்றையும் திறந்து இந்த 10 விஷயத்தைப் பாருங்கள். ஏதோ ஒன்றில் திருத்தியிருப்பார், மற்றவற்றில் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். ஒட்டி ஒட்டி வைத்த கோடின் கதை எப்போதும் அதுதான்.

தனி ஒர்க்ஃப்ளோவாக ஒன்று செய்து, மற்றவை அதை 'எக்ஸிக்யூட் சப்-ஒர்க்ஃப்ளோ' நோடால் கூப்பிடட்டும். உள்ளே என்ன வரும், வெளியே என்ன போகும் என்பதை மேலேயே ஸ்டிக்கி நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு அந்த உள், வெளி வடிவத்தை மாற்றவே மாற்றாதீர்கள், மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் புதிதாக இன்னொன்று செய்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பதினொரு பேர் குடிக்கும் கிணறு அது.

சப்-ஒர்க்ஃப்ளோவில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. உள்ளே இருக்கும் கிரெடென்ஷியல் அதனுடையது, கூப்பிடுகிறவருக்கு அது தெரியவே வேண்டாம். பேங்க் சாவியை அக்கவுன்ட்ஸ் பக்கமே வைத்துக்கொண்டு, 'இந்த பில்லுக்குப் பணம் வந்துவிட்டதா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சப்-ஒர்க்ஃப்ளோ வைத்தால் டெலிவரி ஆட்கள் அதைக் கூப்பிடலாம். சாவி கை மாறாது. ஆனால் நாளைக்குத் தனித் தனி யூசர், ப்ராஜெக்ட் என்று போனால் ஒரு இடத்தில் முட்டும்: அந்த சப்-ஒர்க்ஃப்ளோவின் செட்டிங்ஸில் 'இதை யார் கூப்பிடலாம்' என்று இருக்கும், வழக்கமாக அதே ஓனருடைய ஒர்க்ஃப்ளோக்கள் மட்டும் என்றுதான் வரும். ஒரே லாகினில் இருக்கும் வரை இது கண்ணில் படாது, பிரித்த அன்றைக்குப் பொது ஒர்க்ஃப்ளோ எல்லாம் ஒரே நேரத்தில் மறுக்கும். ஏன் என்று தெரியாமல் நான் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கோலிவாடா தம்பி, நோட்டு நல்ல யோசனை. கல்லாப்பெட்டிப் பக்கம் தண்ணீர் வரும் ஏரியா என்று மட்டும் ஞாபகம் வையுங்கள்.


அந்தேரி_கிழக்கு | புதன், மாலை 4:30

என்8என்தான் என்று இல்லை என்றால்: நாங்கள் மேக்கில் இருக்கிறோம், முன்பு இன்டக்ரோமேட் என்று இருந்ததே அது. அங்கே ஆர்கனைசேஷன், அதற்குள் டீம். சினாரியோ (ஒர்க்ஃப்ளோவுக்கு அங்கே பெயர்), கனெக்ஷன் (கிரெடென்ஷியல் மாதிரி), டேட்டா ஸ்டோர் எல்லாம் டீமுக்குச் சொந்தம், ஆள் போனாலும் கனெக்ஷன் டீமில் இருக்கும் (டோக்கன் யார் பெயரில் என்ற முலுண்ட்டின் இரண்டாவது அடுக்கு இங்கேயும் உண்டு, அதில் தப்ப முடியாது). ஆர்வக் கோளாறில் பார்ட்டிக்கு ஒரு டீம் என்று ஒன்பது டீம் போட்டோம். கனெக்ஷன் டீம் தாண்டி வராது, அதனால் ஒரே ஜிமெயிலை ஒன்பது தடவை இணைக்க வேண்டியதாயிற்று. பாஸ்வேர்ட் மாற்றினால் ஒன்பது தடவை. இப்போது மூன்று டீம். இதே மாதிரி சேவையான ஜேப்பியரில் கனெக்ஷன் நீங்களாக ஷேர் செய்யும் வரை உங்களுடையது மட்டும், ஜேப்பை (அங்கே ஒர்க்ஃப்ளோ) ஷேர்டு ஃபோல்டரில் போட்டுவிட்டு கனெக்ஷனை மறந்தால் அடுத்தவர் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதிகமாகப் பிரிப்பதும் பிரிக்காததும் ஒரே தலைவலி, மாத்திரை மட்டும் வேறு.


கோலிவாடா_கடைப்பையன் | புதன், இரவு 9:02

அக்கா, நோட்டை மேல் ஆணிக்கு மாற்றிவிட்டேன். என்க்ரிப்ஷன் கீ விஷயம் எனக்கு இதுவரை தெரியாது, நிஜமாகவே. இப்போதுதான் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தேன், அங்கேதான் தனியாக உட்கார்ந்திருந்தது. நன்றி.


வாஷி_பிகாம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

வந்துவிட்டேன். என்ன செய்தோம் என்று எழுதினால் அடுத்தவருக்கு உதவுமே என்று.

பெரிய பிளானுக்கு முதலாளி கை விரித்துவிட்டார், கோலிவாடா சொன்னது அட்சரம் பிசகவில்லை. அதனால் ஒரே சர்வரில் இரண்டு என்8என், இரண்டு டாக்கர் கன்டெய்னர், இரண்டுக்கும் தனி டேட்டாபேஸ், தனி என்க்ரிப்ஷன் கீ. ஒன்று அக்கவுன்ட்ஸ், பேங்க் சாவி அதில் மட்டும். இன்னொன்று மீதி எல்லாம். முலுண்ட் அண்ணன் சொன்ன மாதிரி சாவியைப் பார்த்துப் பிரித்ததில் நாற்பதில் ஏழு மட்டும்தான் அக்கவுன்ட்ஸ் பக்கம் போனது. டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரித்திருந்தால் பதினைந்து போயிருக்கும், பாதி நேரம் அங்கும் இங்கும் ஓடியிருப்போம். பணம் வந்ததா என்ற கேள்வியை அக்கவுன்ட்ஸ் பக்கம் ஒரு வெப்ஹுக் (வெளியிலிருந்து கூப்பிடும் இணைய முகவரி) வைத்துக் கேட்கிறோம், இரண்டு இன்ஸ்டன்ஸ் என்பதால் சப்-ஒர்க்ஃப்ளோ எட்டாது. வெப்ஹுக்குக்கும் ஹெட்டரில் ஒரு சாவி வைத்திருக்கிறோம், சும்மா திறந்து விடவில்லை.

நாற்பதில் ஒன்பது யாருக்கும் தேவையே இல்லை. ஒன்று, 2 வருடமாக ஒரு பார்ட்டிக்கு தினமும் ஸ்டேட்டஸ் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது, அந்தப் பார்ட்டி எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடம். அவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

அக்கா, உங்கள் பந்தயம் ஜெயித்தது. பதினொன்றில் இரண்டில்தான் மீதி 10 வந்தால் 0 என்று இருந்தது. மற்ற ஒன்பதும் அந்த மாதிரி கன்டெய்னரை 'தப்பான நம்பர்' என்று ஓரம் தள்ளியிருக்கின்றன, அதைத்தான் டாக்குமென்ட் பெண் தினமும் கையால் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். 'ஷிப்பிங் லைன்காரர்கள் நம்பரைத் தப்பாக அனுப்புகிறார்கள்' என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம், ஒரு தடவை லைனுக்கு போன் போட்டு சண்டையும் போட்டிருக்கிறேன். இப்போது ஒரே ஒரு சப்-ஒர்க்ஃப்ளோ, பெயர் '90 பொது - கன்டெய்னர் நம்பர் சரிபார்ப்பு'. அதை எழுதியது அந்தப் பெண்தான்.

எரர் ஒர்க்ஃப்ளோ இப்போது மெயிலைத் தொடுவதே இல்லை, நேரே டெலிகிராமுக்கு. கூகுள் செத்தாலும் செய்தி வரும். டெலிகிராமும் செத்தால் என்ன செய்வது என்று முதலாளி கேட்டார், நான் சாப்பிடப் போய்விட்டேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. அரசு போர்ட்டல் இரண்டின் ஓ.டி.பி. இன்னும் துபாய்க்காரரின் பழைய மும்பை நம்பருக்குத்தான் போகிறது. அவர் நல்ல மனுஷன், வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுகிறார், ஆனால் அவர் தூங்கிவிட்டால் எங்கள் ஃபைலிங்கும் தூங்குகிறது. மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். புது இன்ஸ்டன்ஸில் காலை 9 மணிக்கு வர வேண்டிய ஃப்ரீ டேஸ் மெசேஜ் சாயங்காலம் 6:30-க்கு வருகிறது. ஷெட்யூலில் 9 என்றுதான் இருக்கிறது, பத்து தடவை பார்த்துவிட்டேன்.


முலுண்ட்_லோக்கல் | ஞாயிறு, இரவு 8:44

நியூயார்க்கில் அப்போது காலை 9. சொந்த சர்வரில் என்8என்னுக்கு நேர மண்டலம் சொல்லாவிட்டால் அது தன்னை அமெரிக்கா/நியூயார்க் என்று நினைத்துக்கொள்ளும். பழைய டாக்கர் ஃபைலில் உங்கள் ஆள் மாற்றி வைத்திருப்பார், புதியதில் அந்த வரி விட்டுப்போயிருக்கும். ஜெனரிக் டைம்ஸோன் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஆசியா/கொல்கத்தா என்று போட்டு கன்டெய்னரை மறுபடி கிளப்புங்கள் (டாக்கர் கன்டெய்னரை, நவா ஷேவா கன்டெய்னரை இல்லை). அப்படியே விட்டிருந்தால் குளிர்காலத்தில் 7:30-க்கு வந்திருக்கும், அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள்.

ஓ.டி.பி.க்கு: புது சிம் ஆபீஸ் பெயரில் எடுங்கள், உங்கள் பெயரில் இல்லை.


வாஷி_பிகாம் | ஞாயிறு, இரவு 9:10

அடக் கடவுளே, என் பெயரில் எடுத்துவிட்டேனே. நாளைக்கே மாற்றுகிறேன்.